முன்பணமா? அன்பளிப்பா?



சென்ற தவக்காலத்தில் குருமடத்து நண்பர் ஒருவர் நம் பங்கில்லத்திற்கு வந்திருந்தார். இருவரும் ஒரே ஆண்டில் குருப்பட்டம் பெற்றவர்கள். அவர் வடநாட்டில் மறைப்பணி புரிகின்றவர். கோயிலின் பின்புறத்தில் நடைபெறும் தையல் வகுப்பை அவருக்குக் காட்டினோம். பன்னிரண்டு பெண்கள் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்தனர். அவர்களுள் எழுவர் முக்காடு அணிந்த இஸ்லாமியப் பெண்கள். நண்பர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர்த் தாழ்வாரத்தில் வந்தமர்ந்து காப்பி அருந்தும்போது, "இதை எப்போது தொடங்கினீர்?" என்றார்.

"2018இல்."

"இதனால் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்?"

"ஒருவரும் இல்லை."

நண்பர் மௌனமானார். பிறகு மெல்லிய குரலில், "அப்படியானால் இது நல்லதொரு சமூக சேவை. மறைபரப்பு எங்கே?" என்று கேட்டார்.

அவர் எள்ளி நகையாடவில்லை. அது நம் உள்ளத்திலும் பலமுறை எழுந்த கேள்விதான். கிறிஸ்துவை அறிவிப்பதற்கென்றே திருநிலைப்படுத்தப்பட்ட கைகள் இவை. அந்தக் கைகள் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவதும், வேலை விண்ணப்பம் நிரப்புவதும், கடன் தவணைக்குக் கணக்கு எழுதுவதுமாகக் காலம் கழிக்கலாமா? அன்று அவருக்கு விடை கூற இயலவில்லை. இப்போது கூற முயல்கிறோம்.

காஞ்சி மாநகரை அறியாத தமிழர் இரார். ஏகாம்பரநாதரும் காமாட்சியம்மனும் வரதராசப் பெருமாளும் கோயில் கொண்ட ஊர். திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில் இன்றும் நிற்கின்றது. 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே பௌத்த மடங்களைக் கண்டு எழுதினார். ஒலிமுகமதுப்பேட்டை என்னும் பெயரே இஸ்லாமியர் இவ்வூரில் நெடுங்காலமாக வாழ்ந்து வருவதற்குச் சான்று. இத்தனை சமயங்களுக்கு இடமளித்த ஊரில் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. மாலையில் நம் மூவேளை மணி ஒலிக்கும் நேரத்திற்கும் பள்ளிவாசலின் பாங்கொலிக்கும் இடையே சில நாட்களில் ஒரு நிமிடம்கூட இராது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 6.12 பேர், இஸ்லாமியர் 5.86 பேர். ஏறத்தாழ ஒரே அளவினரான இரு சிறு குடும்பங்கள்! ஆயினும் ஒருவர் வீட்டு அடுப்பைப் பற்றி மற்றவர் அறிந்திருப்பது எவ்வளவு?

ஊரின் உயிர்நாடி பட்டு. கருநாடகத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து சரிகையும் வந்து, இங்குள்ள தறிகளில் புடவையாக உருப்பெறுகின்றன. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் இருக்கும் கோர்வைப் புடவையே இவ்வூரின் தனிச்சிறப்பு. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவர் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் பல தலைமுறைகளாகச் சிறு பிள்ளையாகவே இருந்து வந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னர் அது தேவைப்படும்.

பட்டு நெசவில் இஸ்லாமியர் மிகுதியாக இல்லை. ஆனால் பட்டைச் சுற்றி வாழும் தொழில்கள் பல. புடவைக்கு ஓரம் அடித்தல், முந்தானையில் குச்சு கட்டுதல், ரவிக்கை தைத்தல் ஆகியவை வீட்டிலிருந்தே செய்யத்தக்கவை. வெளியே சென்று வேலை பார்க்க இயலாத பெண்களுக்கு இவை வரப்பிரசாதம். ஆடவருள் பலர் சிறு கடை, இறைச்சிக் கடை, வாகனம் பழுது பார்த்தல் முதலியவற்றால் பிழைப்பவர்கள். சொந்தத் தொழிலையே நம்பி வாழ்வோர் பிற சமயத்தாரைவிட இஸ்லாமியரிடையே மிகுதி என்று 2006இல் வெளியான சச்சார் குழுவின் அறிக்கை கூறியது. ஒரு நாள் கடை மூடினால் ஒரு நாள் உலை இல்லை என்பது அதன் பொருள்.

இந்தப் பின்னணியில்தான் 2018இல் அருட்சகோதரி ஒருவரின் துணையுடன் இரண்டு பழைய இயந்திரங்களை வைத்துத் தையல் வகுப்பைத் தொடங்கினோம். நம் பங்கு மக்களுக்காகவே தொடங்கினோம் என்பதே உண்மை. மூன்றாம் வாரத்தில் எதிர்த் தெருவிலிருந்து ஓர் இஸ்லாமியப் பெண் வாசலில் வந்து நின்று, "சிஸ்டர், எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா?" என்றார். அவரை அடுத்து அவருடைய நாத்தனார் வந்தார். பிறகு பக்கத்து வீட்டார் வந்தனர். மாலை வேளையில் இளைஞர்களும் வரத் தொடங்கினர். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தபின், தறியை விட்டுக் கம்பெனிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகள் பெருகிவிட்டனர். அவ்வாலை ஒன்றில் மேற்பார்வையாளராய் இருந்த நம் பங்கு அன்பர் ஒருவர், நேர்முகத் தேர்வுக்கு எப்படிச் செல்வது, சான்றிதழ்களை எப்படி அடுக்குவது, பயிற்சிக் காலத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்று ஞாயிறு மாலைகளில் கற்பித்தார். ஐ.டி.ஐ. முடித்த இஸ்லாமிய இளைஞர்கள் மூவர் முதல் அணியிலேயே இருந்தனர்.

அப்போது நம் உள்ளத்தில் ஒரு பேராசை முளைத்தது. குருமடத்தில் கற்ற மறைபரப்பு வரலாறுகள் நினைவுக்கு வந்தன. வயல் விளைந்திருக்கிறது, அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை நமக்கே சொன்னதாக எண்ணிக்கொண்டோம். இங்கே நாம் செய்த ஒரு குற்றத்தை மறைக்காமல் கூறவேண்டும்.

2019இல், வகுப்பை நன்கு முடித்த இளம்பெண் ஒருத்திக்கு எளிய தவணையில் ஓர் இயந்திரம் கொடுத்தோம். கணவர் வெளியூரில் வாகன ஓட்டி. வீட்டில் இரு குழந்தைகளும் முதிய மாமனாரும். இயந்திரத்தை அனுப்புவதற்கு முந்திய இரவு, அதன் இழுப்பறையில், நூற்கண்டுகளுக்கு அடியில், ஒரு சிறு நற்செய்தி நூலை வைத்தோம். வெளிப்படையாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். உள்ளே இருந்தால் என்றேனும் ஒரு நாள் எடுத்துப் படிக்கமாட்டார்களா என்பது நம் எண்ணம். நல்ல காரியம் செய்த மகிழ்ச்சியுடன் அன்றிரவு உறங்கினோம்.

மூன்றாம் நாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வருகிறோம். வாசலில் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி. அதன்மேல் அந்த இயந்திரம். அருகே அந்தப் பெண்ணின் மாமனார். வெள்ளைத் தொப்பி, வெண்தாடி, கையில் துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொருள். அதை மேசைமேல் மிகுந்த மரியாதையுடன் வைத்தார். அவிழ்த்துப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை.

"பாதர், இஞ்சீல் எங்களுக்கும் அல்லா இறக்கிய வேதம்தான். ஈசா நபியும் மரியம் அம்மாவும் எங்களுக்கும் பெரியவர்கள். இதை நீங்கள் என் கையில் கொடுத்திருந்தால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். இழுப்பறைக்குள் ஏன் வைத்தீர்கள்?"

நமக்கு நா எழவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்த நா அது!

"உட்காருங்கள், பாய்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவர் அமர்ந்தார். கோபம் அவர் குரலில் இல்லை. அதுவே நம்மை மேலும் வாட்டியது.

"நான் சின்ன வயதில் தறியில் கிடந்தவன், பாதர். என் அக்கா கலியாணத்துக்காக அத்தா ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அந்தப் பணத்துக்கு என்னைத் தறியில் உட்கார வைத்தார். கரை நாடா தள்ளுவேன். முன்பணம் தீரும்வரை வேறு தறிக்குப் போகக்கூடாது. எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. முன்பணம் கொடுக்கிறவர் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார், பாதர். உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. மெஷினைத் திறந்து இதைப் பார்த்ததும் எனக்கு அந்த முன்பணம்தான் நினைவுக்கு வந்தது."

வாசகர்களே, காஞ்சியின் பட்டுக்குப் பின்னால் இருந்த பெருந்துயரம் இந்த முன்பணம். திருமணம், நோய், சாவு என்று ஏழைக்கு இடர் வரும் நேரத்தில் பணம் நீட்டப்படும். வாங்கியவர் அதைத் தீர்க்கும்வரை கொடுத்தவரின் தறியை விட்டு அகல இயலாது. கூலியில் பிடித்தம் போனபின் வயிற்றுக்கே போதாது, மீண்டும் முன்பணம். தந்தை பட்ட கடனைப் பிள்ளை சுமப்பான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய சட்டம் 1986இல் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களும் அரசும் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டதாலும், பள்ளிக்கூடம் பெருகியதாலும், அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. ஆனால் முன்பணத்தின் தழும்பு இன்னும் பல முதியவரின் நெஞ்சில் இருக்கிறது. அந்தத் தழும்பின்மேல்தான் நாம் விரல் வைத்துவிட்டோம்.

உதவி வேறு, முன்பணம் வேறு. இரண்டிலும் கை நீளும். இரண்டிலும் பணமோ பொருளோ கைமாறும். உதவி கொடுத்ததோடு முடிந்துவிடும். முன்பணமோ பெற்றவரைப் பின்தொடர்ந்து வந்து வேறொன்றைக் கேட்கும். நம்முடைய இயந்திரம் எது? தவணைப் பணத்தைச் சொன்னோம். உள்ளே நாம் வைத்திருந்த மற்றொரு எதிர்பார்ப்பைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வறுமைக்குக் கொடுத்ததன் ஈடாக அவள் ஆன்மாவின்மேல் ஓர் உரிமையை நாம் இரகசியமாக எழுதி வைத்தோம். தறி முதலாளி உடலைக் கட்டினார். நாம் மனச்சாட்சியைக் கட்டப் பார்த்தோம்.

அன்று அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் திடுக்கிட்டு எழுந்து, "பெரிய வார்த்தை சொல்லாதீர்கள், பாதர்" என்றார். பின்னர் அவரே ஒரு யோசனை சொன்னார். ஒரு தாளில் இயந்திரத்தின் விலை, மாதத் தவணை, எத்தனை மாதம் என்பதை எழுதச் சொன்னார். "வட்டி உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றோம். வட்டி அவர்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை அறிவீர்கள். நம் திருச்சபையும் பல நூற்றாண்டுகள் வட்டியைக் கண்டித்தே வந்தது. இத்தாலியில் பெரூஜியா நகரில் 1462இல் பிரான்சிஸ்கன் துறவியர் ஏழைகளுக்கென அடகு நிதியம் ஏற்படுத்தியதும் கொடுவட்டியிலிருந்து அவர்களை மீட்கவே. இதனைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. கடைசியாக, "வேறு ஒன்றும் இல்லையே? அதையும் எழுதிவிடுங்கள்" என்றார். "வேறு எதிர்பார்ப்பு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். குருவாகி நாம் இட்ட கையொப்பங்களுள் இவ்வளவு சிந்திக்க வைத்தது வேறில்லை. இயந்திரம் அதே மிதிவண்டியில் திரும்பிச் சென்றது.

அன்று மாலை நற்கருணைப் பேழையின் முன் அமர்ந்தபோது பழைய நினைவொன்று உறுத்தியது. 2002இல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது நாம் இளங்குரு. ஆசை காட்டி மதம் மாற்றுவோர் என்ற பழி நம் பள்ளிகள்மேலும் மருத்துவமனைகள்மேலும் விழுகின்றதே என்று கொதித்துக் கண்டனக் கூட்டங்களில் நின்றோம். 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கொதிப்பு நியாயமானதே. பசித்தவனுக்குச் சோறிடுவதைக் குற்றமாக்கக்கூடிய சட்டத்தை எதிர்ப்பது கடமை. ஆனால் அரசின் சட்டத்திற்கு 37 ஆண்டுகள் முன்னரே, 1965 டிசம்பர் 7ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தன் மறைபரப்பு ஏட்டில் இதே பொருள்பற்றிப் பேசியிருந்தது. விசுவாசத்தை ஏற்குமாறு எவரையும் வற்புறுத்துவதையும், தகாத சூழ்ச்சிகளால் கவர்ந்திழுப்பதையும் திருச்சபை கண்டிப்பாய்த் தடை செய்கிறது என்பது அதன் கருத்து. சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டையும் சங்கம் அதே நாளில்தான் வெளியிட்டது. ஏழைகளிடமும் கல்வி குறைந்தவரிடமும் பேசும்போது இன்னும் விழிப்பு வேண்டும் என்று அதில் எச்சரித்திருந்தது. குருமடத்தில் இவற்றைத் தேர்வுக்குப் படித்து மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அந்தப் பாடத்தின் பொருளைப் புரிய வைத்தவர் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு முதியவர்.

அப்படியானால் தொழில் வழியாக நற்செய்திப் பணி என்று ஒன்று இல்லையா? உண்டு. திருச்சபையின் தொடக்கத்திலிருந்தே உண்டு. புனித சின்னப்பர் கொரிந்து நகருக்கு வந்தபோது ஆக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரின் வீட்டில் தங்கினார். மூவருக்கும் ஒரே தொழில்: கூடாரம் செய்தல். சின்னப்பர் தம் கையால் உழைத்ததன் நோக்கம் என்ன? தாம் யாருக்கும் சுமையாக இருக்கலாகாது என்பதே என்று தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகத்தில் நினைவூட்டுகிறார். தொழிலை அவர் தூண்டிலாக ஏந்தவில்லை. யாருடைய காசுக்கும் தம் போதனை கட்டுப்படாமல் இருக்கவே உழைத்தார்.

நம் தென்னகத்திலும் ஒரு பெரும் முயற்சி நடந்தது. பிரிந்த சகோதரராகிய பாசல் மிஷன் சபையார் 1834இல் மங்களூருக்கு வந்தனர். சமயம் மாறியதால் குடும்பமும் பிழைப்பும் இழந்தோருக்கு வாழ்வளிக்க நெசவாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் தொடங்கினர். மங்களூர், கண்ணூர், கோழிக்கோடு எனப் பரவிய அத்தொழில்கள், மாப்பிள்ளை முஸ்லிம்கள் செறிந்து வாழும் மலபார்க் கரையின் முகத்தையே மாற்றின. மங்களூர் ஓடு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போட்ட அந்த உழைப்பை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒரு கேள்வி அங்கும் எழாமல் இராது. வேலை கொடுப்பவரும் வேதம் சொல்பவரும் ஒருவரேயானால், தொழிலாளி சொல்லும் 'ஆம்' எவ்வளவு சுதந்திரமானது? அந்த 'ஆம்' உள்ளத்திலிருந்து வந்ததா, உலையிலிருந்து வந்ததா என்று அவருக்கே தெரியாமற் போகலாமன்றோ?

இதற்கு மறுமொழியாக 2022 மே 15ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கியோருள் இருவர் நம் பொருளுக்கு உரியவர்கள். ஒருவர் நம் தேவசகாயம் பிள்ளை. மற்றவர் பிரான்சு நாட்டுக் குரு சார்லஸ் தெ ஃபூக்கோ.

தேவசகாயத்தின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்டுப் பின்னர் அரசரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு அலுவலகத் தோழர். வீட்டில் துன்பம் மேல் துன்பம் வந்து நீலகண்டன் மனம் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். ஒருவரை ஒருவர் மதித்த இரு உழைப்பாளிகளின் உரையாடல் அது. அதில் எவரும் எவருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டனுக்கு அதனால் வந்த பலன் என்ன? பதவி போயிற்று, மானம் போயிற்று, 1752 சனவரி 14இல் காற்றாடி மலையில் உயிரும் போயிற்று. வேலை கிடைக்கும் என்று விசுவாசத்துக்கு வந்தவர் அல்லர். விசுவாசத்துக்காக வேலையை இழந்தவர். அதனாலன்றோ அவருடைய சாட்சியம் இன்றும் ஒளிர்கின்றது!

ஃபூக்கோவின் கதை வேறுவகை. விசுவாசம் இழந்து, படையையும் விட்டு விலகிய இளைஞராய் மொராக்கோ நாட்டில் பயணம் செய்தபோது, இஸ்லாமியர் இறைவன் முன் விழுந்து தொழும் காட்சி அவர் உள்ளத்தை உலுக்கியது. அந்த அதிர்வும் அவரை மீண்டும் திருச்சபைக்கு இட்டுவந்த வழிகளுள் ஒன்று. 1905 முதல் சகாராப் பாலைவனத்தில் தமன்ராசெட் என்னும் சிற்றூரில் துவாரெக் முஸ்லிம்களிடையே வாழ்ந்தார். அவர்கள் மொழியைக் கற்று அகராதி தொகுத்தார். 1908இல் அவர் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, கடும் பஞ்சத்திலும் அவ்வூரார் ஆட்டுப்பால் தேடிக் கொணர்ந்து ஊட்டிக் காப்பாற்றினர். கொடுக்கச் சென்றவர் வாங்கக் கற்றுக்கொண்டார். 1916 டிசம்பர் 1ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் அளித்த ஞானஸ்நானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் மிகவும் விரும்பியது ஒன்றுண்டு. ஆக்கிலாவையும் பிரிஸ்கில்லாவையும் போன்ற இல்லறத்தார், உழவராகவும் வணிகராகவும் கைவினைஞராகவும் அங்கே வந்து வாழவேண்டும். தம் நேர்மையாலும் நட்பாலும் கிறிஸ்துவின் முகத்தைக் காட்டவேண்டும் என்பதே அது. எண்ணிக்கையால் அளந்தால் தோற்றுப்போன குரு. திருச்சபையோ அவரைப் பீடத்தில் ஏற்றியது!

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. பேசாமல் இருப்பது கோழைத்தனம் ஆகாதா? ஆகும், நாம் யார் என்பதை மறைத்தால். நம் வகுப்பறைச் சுவரில் பாடுபட்ட சுரூபம் இருக்கிறது. யாருக்காகவும் அதைக் கழற்றவில்லை. தொடக்கத்தில் ஒரு சிறு செபம் உண்டு. விரும்புவோர் சேரலாம், மற்றவர் அமைதியாய் இருக்கலாம். இரமலான் மாதத்தில் வகுப்பு நோன்பாளிகளுக்கு ஏற்றபடி காலைக்கு மாறும். அந்தப் பெரியவரின் துணையோடு பள்ளிவாசல் நிர்வாகிகளைச் சந்தித்து, என்ன கற்பிக்கிறோம், யார் பணம் தருகிறார்கள், கணக்கு எங்கே இருக்கிறது என்று விளக்கினோம். கணக்குப் புத்தகத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வேலைக்கும் கடனுக்கும் சமயம் நிபந்தனை அன்று. 1999இல் அரசு நிறுவிய சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின், அதாவது மக்கள் வாயில் 'டாம்கோ'வின், கடன் படிவத்தை நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து நிரப்புகின்றனர்.

இவ்வகை வாழ்வையும் 1984இல் உரோமை வெளியிட்ட ஏடொன்று மறைபரப்பின் பகுதியாகவே ஏற்றது. அண்டை அயலாராய் வாழ்தல், பொதுநலனுக்காகச் சேர்ந்து உழைத்தல், கற்றோர் கருத்துப் பரிமாறல், இறை அனுபவத்தைப் பகிர்தல் என நால்வகை உரையாடலை அது கூறுகின்றது. நம் தையல் வகுப்பு முதலிரு வகைகளுக்கே உரியது. அது போதுமா என்று கேட்டால், அடித்தளம் இன்றி மாடி எழாது என்பதே நம் விடை.

எல்லாம் இனிதே நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். "நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று பங்குப் பேரவையிலேயே கேட்டார்கள். 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் ஊரடங்கில் தறிகள் நின்றன. புடவை வேலை முற்றும் ஒழிந்தது. நம் வகுப்புப் பெண்கள் வீட்டிலிருந்தே முகக்கவசம் தைத்தனர். அந்நாட்களில் நோயைப் பரப்புகிறவர்கள் என்ற வீண்பழி இஸ்லாமியர்மேல் சுமத்தப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். நம்மவருள்ளும் சிலர், "யார் தைத்தது?" என்று கேட்டுக் கேட்டு வாங்க மறுத்தனர். அரிசி வழங்கச் சென்ற வீடுதோறும் அந்தப் பெண்கள் தைத்த கவசத்தையே நாம் அணிந்து சென்றோம். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, கோயில்தான் பூட்டியிருந்ததே! கேட்டவர்களிடம் மட்டும் யார் தைத்தது என்று சொன்னோம். சில வீடுகளில் தலை குனிந்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.

அந்த நாட்களில் ஒரு மாலை, தவணைப் பணத்துடன் அந்த இளம்பெண் வந்தாள். வேலையே இல்லாத காலத்தில் தவணை வேண்டா என்றோம். அவள் கேட்கவில்லை. பணத்தை வைத்துவிட்டுச் சற்றுத் தயங்கி, "பாதர், எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள். பிறகு எதற்காக இதையெல்லாம் செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நாம் தூண்டவில்லை. அவளாகவே கேட்டாள். ஆகவே மறைக்காமல் விடை சொன்னோம். தச்சுத் தொழில் செய்து பிழைத்த ஒருவர் எங்களை இலவசமாக நேசித்தார். அவரிடம் பெற்றதைத்தான் கொடுக்கிறோம். அவர் பெயர் இயேசு என்றோம். அவள் கவனமாகக் கேட்டாள். "எங்கள் நபியும் வியாபாரம் செய்தவர்தான், உழைத்தவனுக்கு வியர்வை உலர்வதற்குள் கூலி கொடுக்கச் சொன்னவர்" என்றாள். பின்னர் ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் நடக்கவேண்டியது எதுவோ, அது இறைவனுக்கும் அவளுக்கும் இடையில் உள்ளது. அந்த இடத்தில் பங்குக் குருவுக்கு வேலை இல்லை.

நண்பருக்கு இப்போது விடை சொல்லலாம். மறைபரப்பு எங்கே என்று கேட்டீர். அந்தக் கேள்வியை ஒரு பெண் தானாகக் கேட்கும்படி ஒரு வாழ்வு இருந்ததே, அங்கே. இழுப்பறையில் நாம் ஒளித்து வைத்த நூல் ஒரு கேள்வியையும் எழுப்பவில்லை, ஐயத்தையே எழுப்பியது. எதிர்பார்ப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்த தாள்தான் கேள்வியை எழுப்பியது.

வாசகர்களே, உங்களுள் கடை வைத்திருப்போர் உண்டு. பட்டறை நடத்துவோர், ஆலைகளில் பொறுப்பில் இருப்போர் உண்டு. உங்கள் தெருவில் வேலை தேடும் இஸ்லாமிய இளைஞன் ஒருவன் இருப்பான். அவனுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுங்கள். கூலியைக் குறித்த நாளில் கொடுங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் விடுங்கள். கணக்கில் நேர்மையாக இருங்கள். நீங்கள் கிறிஸ்தவர் என்பதை மறைக்காதீர்கள். அதற்காக அவனிடம் எதையும் வசூலிக்கவும் செய்யாதீர்கள்.

நம் பங்கில்லத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர், கற்ற தொழில், பெற்ற கடன், தீர்த்த நாள் என நான்கு பத்திகள். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே நான்காம் பத்தி நிறைந்துவிட்டது. கடன் தீர்ந்த மறுமாதமும் அவள் வந்து அதே தொகையை வைத்தாள். "அடுத்து மெஷின் வாங்குகிறவளுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதர்" என்றாள். அடுத்துக் காத்திருந்தவள் நம் பங்கைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கக் கைம்பெண். ஐந்தாம் பத்தி ஒன்று வரைய வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை.

அந்தச் சிறு நற்செய்தி நூல் இன்று நம் மேசைமேல், வருவோர் கண்ணில் படும்படி இருக்கிறது. பெரியவர் சுற்றிக் கொணர்ந்த வெள்ளைத் துணி அதன் அடியில் விரிக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் கையில் எடுத்துக் கொடுக்க நாம் ஆயத்தமாய் இருக்கிறோம். கேட்கும் உள்ளத்தைத் தருகின்றவர் இறைவன். அவருடைய நேரத்துக்குக் காத்திருக்கும் பொறுமையை அவரே நமக்கும் உங்களுக்கும் அருள்வாராக.